ஓக் ராஜாவைக் கொல்ல ஒரு நல்ல நாள்

ஜூன் 16, திங்கள்

வெயில் நூற்றிரண்டு. லிவர்மோர் மலைகள் சப்பாத்தி நிறத்துக்கு வந்துவிட்டன. காற்று இல்லை.

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு இன்று மாலை முடிவு எட்டப்பட்டது. சனிக்கிழமைக்கு எலுமிச்சை சாதம் அல்ல, புளிசாதம். இரு தரப்பு நியாயங்களும் பொறுமையாகக் கேட்கப்பட்டன. எலுமிச்சை சாதம் இத்தனை வருஷம் விசுவாசமாக உழைத்திருக்கிறது, அதன் நடத்தையில் குறை சொல்ல முடியாது. ஆனால் வெயிலில் மதியத்துக்கு மேல் அதன் முகம் மாறுகிறது. புளிசாதம் கலங்காது. தீர்ப்பு இறுதியானது, மேல்முறையீடு இல்லை. ச.விடம் தெரிவித்தேன். (மனைவியை ஓர் எழுத்தில் சுருக்குவது இடம் மிச்சம் பிடிக்க. சரஸ்வதி என்று எழுதினால் பாதி வரி போகிறது.)

"செய்யப்போறது நானுங்க. எங்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள்.

சனிக்கிழமைக்கு:
நல்லெண்ணெய் (தீர்ந்துவிட்டது)
பேட்டரி மெழுகுவர்த்தி
பச்சை அங்கி, இஸ்திரி போட
ஹாலி கிரீடம், கராஜில் கிறிஸ்துமஸ் டப்பாவில் தேட
மர வாள். என்னுடையது என்னிடமா, டென்னிஸிடமா?

என்னிடம்தான். பெரிய சூட்கேஸுக்குப் பின்னால் இருந்தது. நுனியில் எலி கடித்திருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

நூற்றி மூன்று. ஆபீஸ் ஏசியில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தேன். இந்த ஊரில் கோடையில்தான் குளிர்காலம்.

மார்லின் மின்னஞ்சல். தோப்பின் தலைவி, ஓய்வுபெற்ற பள்ளி நூலகர். தோப்பு என்றால் எங்கள் பேகன் கூட்டத்தின், அதாவது சூரியனையும் மரத்தையும் கும்பிடும் பழைய ஐரோப்பிய வழிபாட்டுக் கூட்டத்தின் பெயர். தோப்பு எதுவும் கிடையாது, பார்க்கில் ஒரு மேஜையை முன்பதிவு செய்துகொள்வோம். காட்டுத்தீ அபாயத்தால் நெருப்புக்குத் தடையாம். வருஷத்தின் மிக நீளமான பகலை, சூரியனின் உச்சி நாளை, நெருப்பு இல்லாமல் கொண்டாடியாக வேண்டும். எல்லோரும் பேட்டரி மெழுகுவர்த்தி கொண்டுவரவும், முடிந்தால் மினுமினுக்கிற வகை. இப்படிக்கு, ஒளியில், மார்லின்.

ஆஸ்டினிலிருந்து நிலா மெசேஜ். மகள். சனிக்கிழமை போன் பண்ணலாமா என்று கேட்டாள், முடியாது, சடங்கு இருக்கிறது என்றேன். அங்கே போய் அப்படி என்னதான் செய்கிறாய் என்று முதல்முறையாகக் கேட்டிருக்கிறாள். அனுப்பிய பதில், நகல்:

"ஓக் ராஜா, ஹாலி ராஜா என்று இருவர். டிசம்பரிலிருந்து ஜூன் வரை ஓக் ராஜா ஆட்சி, பகல் வளரும். மிக நீளமான பகலன்று இருவரும் சண்டை போடுவார்கள். ஓக் ராஜா சாவான். அன்றிலிருந்து பகல் குறையும். டென்னிஸ் அங்கிள்தான் ஓக் ராஜா. நான் ஹாலி ராஜா. மூன்று அடி அடிப்பேன், அவர் விழுவார். மூன்று வரி சொல்லிக் கிரீடத்தை எடுத்துக்கொள்வேன். அப்புறம் சாப்பாடு."

பதிலுக்கு ஒரு மண்டை ஓட்டுப் படம் வந்தது. சிரிக்கிறாள் என்று பொருளாம்.

மூன்று வரிகள் இவை: உன் காலம் முடிந்தது. ஒளியைக் கீழே வை. இனி நான் சுமக்கிறேன்.

இத்தனை வருஷமும் இதைச் சொல்லி டென்னிஸைக் கொன்றதில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. நன்றாகச் சாவார். உயிர் போக நேரம் எடுத்துக்கொள்வார். ஒரு வருஷம் செத்த பிறகும் கை நீட்டி மார்லினின் நாய்க்கு பிஸ்கட் கொடுத்தார்.

மார்ச்சில் டாக்டர் அவருக்குக் கணையத்தில் புற்று என்று சொல்லிவிட்டார். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கத்துப் பின்வீட்டைக் காலி செய்து, சேக்ரமென்டோ பக்கம் மகன் மார்க் வீட்டில் இருக்கிறார். கீமோ வேண்டாம் என்றுவிட்டார். சனிக்கிழமை மட்டும் எப்படியும் வருவாராம்.

சாயங்காலம் அவரே போன் செய்தார். குரல் ரேடியோவில் ஸ்டேஷன் தள்ளிப்போன மாதிரி. இந்த வருஷம் தனக்கு ஒத்திகை வேண்டாம் என்றார். நான் சிரிக்கவில்லை. "யூ வில் பி ஃபைன், டென்னிஸ்" என்றேன். மார்க் வீட்டு டிஷ்வாஷர் ஓடுகிறது, வைத்துவிடுகிறேன் என்றார்.

ஜூன் 18, புதன்

நூறு. வானிலைக்காரர் 'ஆறுதல்' என்றார்.

நல்லெண்ணெய் வாங்கியாயிற்று. கடையில் வேறு எண்ணெயையும் நல்லெண்ணெய் என்று விற்கிறார்கள்.

ச. புளிக்காய்ச்சல் கிளறிக்கொண்டே சொன்னாள், ஏதோ உப்பு போதுமா என்று கேட்கிற தொனியில்: "ஏனுங்க, அந்த மனுசன்கிட்ட இந்த வருசம் அந்த டயலாக்கச் சொல்லாதீங்க."

எந்த டயலாக் என்றேன், தெரிந்துகொண்டே.

"காலம் முடிஞ்சுதுங்கறது. உங்களுக்குத்தான் தெரியுமே உங்க வாயப் பத்தி."

எனக்குக் கருநாக்கு என்பது என் மாமனார் வீட்டில் நிறுவப்பட்ட உண்மை. நாக்கில் கறுப்புப் புள்ளி எதுவும் இல்லை, கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். ஆனால் சாட்சியம் வலுவானது. ச.வின் தம்பி பெருந்துறையில் செல்போன் கடை திறந்தபோது இந்த இடத்தில் ஓடுமா என்று கேட்டேன். ஓடவில்லை. (அதே தெருவில் ஏற்கெனவே நாலு கடை. இது கணக்கில் சேராது.) அவள் சித்தி மகன் கல்யாணத்தில் சாப்பிட்டுக்கொண்டே "பார்ப்போம்" என்றேன். இரண்டு வருஷம்தான். பழைய வாஷிங் மெஷினைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, பெருமூச்சு விட்டேன். அன்று இரவே நின்றது.

அப்பா ஈரோட்டில் கறுப்புச் சட்டைக்காரர். ராகுகாலத்தில்தான் நல்ல காரியம் தொடங்குவார், வீம்புக்கு. என் கல்யாணமே ராகுகாலத்தில்தான் நடந்தது, ச.வின் அப்பா மண்டபத்து மூலையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன் பேகன் கூட்டத்தில் என்ன செய்கிறான் என்றால், என்னிடம் தயாரான பதில் இல்லை. தமிழர் பிக்னிக்கில் முதல் கேள்வி எந்த ஊர். இரண்டாவது, அந்த ஊரில் யார் வீடு. மூன்றாவதைக் கேட்க மாட்டார்கள், இரண்டாவதிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். டென்னிஸ் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, என் மரத்து ஓக் கொட்டைகள் உன் புல்லில் விழுகின்றன, மன்னித்துவிடு, டிசம்பரில் ஒரு சின்ன விழா, வருகிறாயா என்று மட்டும் கேட்டார். போனேன். அங்கே அம்மன் உண்டு, சூரியன் உண்டு, கொம்பு வைத்த ஒருவரும் உண்டு. யாரும் நம்பச் சொல்வதில்லை. வட்டத்தில் நின்று கையைத் தூக்கினால் போதும்.

ச.வுக்கு இது மரத்தடிக் கூட்டம். கோயிலில் யாராவது கேட்டால், "ஹைக்கிங் போயிருக்காங்க" என்பாள்.

"நாடகம்தானே" என்றேன்.

"நாடகம்னா ஏன் உங்க மூஞ்சி இப்படி இருக்குது" என்றாள். மூடியைப் போட்டாள்.

ஜூன் 20, வெள்ளி

நேற்று விடுமுறை, எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை என்பதைவிட, எழுதினால் அதைத்தான் எழுத வேண்டும்.

காலையில் பின்வீட்டுக்குப் போய்ப் புதுக் குடித்தனக்காரர்களிடம் அனுமதி கேட்டு, டென்னிஸின் ஓக் மரத்தில் இரண்டு கொத்து ஒடித்தேன். அவர் கிரீடத்துக்கு. எதற்கு என்று கேட்டார்கள். சமையலுக்கு என்றேன். நம்பினார்கள், எங்களைப் பற்றி எதையும் நம்புவார்கள்.

என் கிரீடம் பிளாஸ்டிக். ஹாலி குளிர்கால முள்ளிலைச் செடி, இந்த வெயிலில் நிற்காது. ஒரு சிவப்புக் காயைக் காணவில்லை.

ஊரில் யாராவது படுத்துவிட்டால் ஆப்பிள், ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போவோம். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து "போன தடவைக்கு இப்ப தெளிச்சியா இருக்கீங்க" என்போம். வெளியே வந்து செருப்பைப் போடும்போதுதான் "தாங்காது" என்போம். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. படுத்திருப்பவருக்கும் தெரியும், அவரும் எத்தனை கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எழுந்தவர். இதில் யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து 'உன் காலம் முடிந்தது' என்று சொல்ல எங்கள் ஆட்களில் யாருக்கும் வாய் வராது. கடன் கொடுத்தவனே சொல்ல மாட்டான்.

அங்கி இஸ்திரி ஆயிற்று. பழைய ஜன்னல் திரைத் துணி; தோளில் வளையம் கோத்த ஓட்டை இன்னும் தெரிகிறது.

ஜூன் 21, சனி

உச்சி நாள். தொண்ணூற்றொன்பது.

பார்க். ஏரிக்கரை மேஜை. வந்தவர்கள்: மார்லின், நாய், பச்சை குத்திய இளம் ஜோடி (அவன் கையில் உகுலேலே என்கிற குட்டி கிதார், அவள் கையில் தர்பூசணி), நான், டென்னிஸ். டென்னிஸின் மகன் மார்க் கணக்கில் வர மாட்டான். கார் பக்கத்திலேயே கறுப்புக் கண்ணாடியோடு நின்றான். போன வருஷம் இதில் இரண்டு மடங்கு ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் ஆரிகன் போய்விட்டார், மற்றவர்களுக்கு வேறு வேலை. உலகின் மிகப் பழைய மதம் என்று மார்லின் சொல்வாள். வருகைப் பதிவேட்டிலும் அது தெரிகிறது.

பக்கத்து மேஜையில் பிறந்தநாள் விழா, குழந்தைகள் குதிக்கும் காற்று மாளிகையோடு. நம் ஆட்கள். பச்சை அங்கியில் என்னைப் பார்த்துவிட்டு ஒரு பெண் வந்தாள், கோயிலில் ச.வோடு பிரசாதம் பொட்டலம் கட்டுகிறவள்.

"அங்கிள், டிராமாவா?"

ஆமாம் என்றேன்.

"சூப்பர். தமிழ்ச் சங்கத்துக்கா? சரசு ஆன்ட்டி வரலியா?"

ஹைக்கிங் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். ச. சொல்லிக் கேட்டுக் கேட்டு வந்த வாய்ப்பழக்கம்.

டென்னிஸைக் காரிலிருந்து இறக்கியபோது நான் மேஜை விரிப்பைச் சரி செய்துகொண்டிருந்தேன். சரியாகத்தான் இருந்தது. மெலிந்திருப்பார் என்று எதிர்பார்த்தேன், மஞ்சளாக இருப்பார் என்று எதிர்பார்க்கவில்லை. அங்கிக்குள் ஆள் எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டியிருந்தது. "தெளிச்சியா இருக்கீங்க" என்பதை ஆங்கிலத்தில் சொன்னேன். காலி செய்த வீடு மாதிரி இருக்கிறேன் என்றார். கிரீடத்தை வைத்துவிட்டேன். இலையை முகர்ந்து, என் மரம் என்றார்.

வாந்தி வராமலிருக்க நேற்றிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம். வலி மருந்தையும் பாதிதான் போட்டுக்கொண்டாராம், தூங்கிவிடக்கூடாது என்று. மார்லின்தான் சொன்னாள், மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக ஆன் செய்துகொண்டே. வெயிலில் அவை எரிவதே தெரியவில்லை.

வட்டம் போட்டோம். நாலு திசைக்கும் வணக்கம். டென்னிஸ் மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்தார். ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் அவருடைய வாள். நான் அடித்தேன், வாளின் மேல், தட்டுகிற மாதிரி. ஒன்று. இரண்டு. மூன்றாவதில் நாற்காலியில் உட்கார்ந்தார். அதுதான் விழுவது, முன்பே பேசி வைத்தது. கண்ணை மூடிக்கொண்டு முகத்தை என் பக்கம் நிமிர்த்தினார். காத்திருந்தார்.

எனக்கு வரி தெரியும். எத்தனை வருஷம் சொன்னது. முதல் சொல்லும் வந்துவிட்டது. அதற்கு மேல் நாக்கு எழவில்லை. அப்பாவின் பிள்ளை, சாஃப்ட்வேர் டெஸ்ட் மேனேஜர், ஒரு விஷயத்தை நிரூபணம் இல்லாமல் ஏற்காதவன், என் வாயிலிருந்து அது வந்து இந்த ஆளுக்கு நாளைக்கே ஏதாவது ஆகிவிட்டால் என்று நின்றேன்.

வாளைக் கீழே போட்டேன். மார்பைப் பிடித்துக்கொண்டு நானே விழுந்தேன். காய்ந்த புல், முதுகெல்லாம் முள். "யூ வின், டென்னிஸ்" என்றேன். "லாங் லிவ் தி கிங்."

கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் பச்சை குத்திய பெண் கை தட்டினாள். பக்கத்து மேஜையிலும் தட்டினார்கள். கார் பக்கத்திலிருந்து மார்க், "ஆல்ரைட், டாட்! தட்ஸ் த ஸ்பிரிட்!" என்றான். மார்லின் என்ன பாடுவது என்று தெரியாமல் ஓக் ராஜா ஜெயிக்கும் டிசம்பர் பாட்டைத் தொடங்கி, நடுவில் நிறுத்தினாள். நான் படுத்தபடியே வானத்தைப் பார்த்தேன். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நெஞ்சு நிறைந்திருந்தது. ஒரு பாட்டு நேரத்துக்கு இருந்திருக்கும்.

எழுந்து பார்த்தபோது டென்னிஸ் கண்ணைத் திறந்திருந்தார். கோபம் இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி இருந்தார். தண்ணீர் கேட்டார். வீட்டுக்குப் போகலாம் என்றார்.

புளிசாதம் அப்படியே மிஞ்சியது. உகுலேலேக்காரன் மட்டும் இரண்டு முறை போட்டுக்கொண்டான்.

வீட்டில் ச. கேட்டாள், சொன்னேன். "நல்ல வேளைங்க" என்றாள். "எங்க சொல்லிப்போடுவீங்களோன்னு கோயில்ல உட்கார்ந்துட்டு அதையேதான் நெனச்சுட்டிருந்தேன்." முதுகில் குத்திய முள்ளையெல்லாம் அவள்தான் எடுத்தாள்.

ஜூன் 22, ஞாயிறு

மேகம். கோடையில் இங்கே மேகம் வந்தால் செய்தி.

காலையில் டென்னிஸ் போன். காலையில்தான் தெளிவு, மதியத்துக்கு மேல் மருந்து பேசுகிறது என்றார். வணக்கம் எல்லாம் இல்லை.

"முர்," (முருகேசன் அவர் வாயில் நுழையாது) "ஏன் அப்படிச் செய்தாய்?"

நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது என்றேன். எங்கள் பக்கம் அப்படித்தான் என்றும் சொன்னேன், விளக்கம் மாதிரி.

நல்லதைச் சொல்லத் தனக்கு ஆள் நிறைய இருக்கிறது என்றார். மார்க் போராடு என்கிறான். டாக்டர் இன்னொரு வழி இருக்கிறது என்கிறார். மார்லின் ஆற்றல் அனுப்புகிறாள். வாராவாரம் வரும் நர்ஸ் ஸ்டிராங் மேன் என்று கன்னத்தைத் தட்டுகிறாள். எல்லோரும் என் கையில் எதையோ கொடுத்துப் பிடி, பிடி என்கிறார்கள், எனக்குக் கை வலிக்கிறது என்றார். மூச்சு வாங்கினார்.

"கீழே வை என்று சொல்ல எனக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தான்," என்றார். "அது எழுதி வைத்த வசனம். நீ யோசிக்கக்கூட வேண்டியதில்லை."

மன்னிப்புக் கேட்டேன். மன்னிப்பு வேண்டாம், செவ்வாய்க்கிழமை காலை வா என்றார். மார்க் அன்று ஆபீஸ் போய்விடுவான். வாளைக் கொண்டு வா, அங்கி வேண்டாம், அந்தத் திரைத் துணியைப் பார்த்துக்கொண்டு சாக முடியாது. சிரித்தார் என்று நினைக்கிறேன். இருமலாகவும் இருக்கலாம்.

வருகிறேன் என்றேன்.

ச.விடம் மத்தியானம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"செவ்வாக்கெழம முடியே வெட்ட மாட்டாங்க. நீங்க மனுசன வெட்டப் போறீங்களா?"

மர வாள் என்றேன்.

"எந்த வாளா இருந்தா என்னங்க."

ஜூன் 23, திங்கள்

தொண்ணூற்றி நாலு. மேகம் போய்விட்டது.

விஷயம் செவ்வாயோடு முடியவில்லை. அமாவாசை. கோயில் காலண்டரில் செவ்வாய் என்று போட்டிருக்கிறது, இந்த ஊர் நேரப்படி. சென்னை ஆப்பில் புதன். ச. இரண்டையும் மதிப்பவள், நாடு விட்டு நாடு வந்தவர்களுக்கு அமாவாசை இரண்டு நாள். ஆக செவ்வாயும் இல்லை, புதனும் இல்லை. வியாழன் நல்ல நாள், குருவுக்கு உகந்தது, காலையிலேயே போய்விட்டு வந்துவிடலாம், தானும் வருகிறேன் என்றாள். வெறும் கையோடு போகக்கூடாது, மிளகு ரசம் காரமில்லாமல் வைக்கிறாளாம்.

நான் வாதாடியிருக்கலாம். வாதாட எனக்குத் தெரியும், பிறந்ததிலிருந்து அந்த ஒரு பயிற்சிதான் கொடுத்திருக்கிறார்கள். இந்த முறை ச. சொல்லி முடிக்கும் முன்பே சரி என்றுவிட்டேன். அவளுக்கே ஆச்சரியம். எனக்கு என்ன இருந்தது என்றால், நிம்மதி.

டென்னிஸுக்குப் போன் செய்தேன், ஆபீஸ் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து. செவ்வாய் ஆபீஸில் ஒரு சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்கிறது, வியாழன் வரட்டுமா என்றேன். ரிலீஸ் எதுவும் இல்லை.

"வியாழனா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சரி" என்றார். நான்தான் வெயிலைப் பற்றி ஏதோ பேசினேன்.

சாயங்காலம் நிலா. அம்மா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். நிலாவுக்குத் தமிழ் முழுக்கப் புரியும். பதில் மட்டும் எப்போதும் ஆங்கிலம்.

"அப்பா, ஹி டோல்ட் யூ வாட் ஹி வான்ட்ஸ். வொய் தேர்ஸ்டே?"

ஆபீஸ் என்றேன்.

"ஆபீஸா, அம்மாவா?" என்று தமிழில் கேட்டாள். அந்தக் கேள்விக்கு மட்டும் தமிழ்.

இரண்டும் இல்லை என்று அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

தொண்ணூற்றி ஆறு. சாயங்காலம் காற்று, மலை மேல் காற்றாலைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துச் சுற்றின.

ச. காலையில் சாதம் வைத்துக் காக்காயைக் கூப்பிட்டாள். இந்த ஊர்க் காக்காய்க்குப் பழகிவிட்டது; நேரத்துக்கு வந்து வேலியில் உட்கார்ந்துகொள்கிறது. தின்றது. நாளைக்கும் வைப்பாள், சென்னைக் கணக்குக்கு.

ஆபீஸ் போகும் வழியில் காரில் வரிகளைச் சொல்லிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் சொன்னால் ஏர்லைன்ஸ் அறிவிப்பு மாதிரி இருக்கிறது. தமிழில் 'உன் காலம் முடிஞ்சுது' என்றால் பழைய படத்து வில்லன். 'உங்க காலம் முடிஞ்சுதுங்க' என்றால் ரேஷன் கடை. முதல் வரியில் என்னால் மரியாதையையும் உண்மையையும் சேர்த்து வைக்க முடியவில்லை. இரண்டாவது வரி பரவாயில்லை. ஒளியைக் கீழே வை. கீழே வையுங்க டென்னிஸ். கை வலிக்குமுங்க, கீழே வைங்க. இப்படிச் சொன்னபோது வந்தது. சிக்னல் பச்சையாகிப் பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து தொடங்கினால் ஒத்துக்கொள்வாரா என்று கேட்க வேண்டும்.

வியாழனுக்கு லீவு போட்டேன். காரணம் என்ற கட்டத்தில் 'சொந்த வேலை'. மேனேஜர் உடனே ஒப்புதல் கொடுத்தார்.

மத்தியானம் மார்லினுக்குப் போன். அவளும் வியாழன் வருவதாகச் சொன்னாள், பிறகு வேண்டாம், நீயும் டென்னிஸும் மட்டும் இருங்கள் என்றாள். நேற்று இரவு டென்னிஸ் அவளிடம் கிழமை என்ன என்று கேட்டாராம். சொன்னாளாம். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்டாராம்.

ச. மிளகு வறுத்து வைத்திருக்கிறாள். ரசத்துக்கு எந்தப் பாத்திரம், மூடி கசியாதது எது என்று ஆராய்ச்சி. கடைசியில் என் ஆபீஸ் பிளாஸ்க். அவர் வீட்டில் டம்ளர் இருக்குமா, மக்கில்தான் குடிப்பார்களா என்று கேட்டாள். மக் என்றேன். நாமே ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு போகலாம் என்றாள்.

"அந்த மனுசனுக்குப் புடிக்குமாங்க?"

முன்பு ஒருமுறை குடித்திருக்கிறார், வேலி மேல் வைத்துக் கொடுத்தேன், சூப் என்று நினைத்துக் கேட்டு வாங்கிக் குடித்தார் என்றேன். அது அவளுக்குத் தெரியாது. சந்தோஷப்பட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே சொன்னாள்: "அவரே கேக்கறப்ப அது சாபம் இல்லீங்க. சொல்லிப்போட்டு வாங்க. நான் வெளியில நிக்கறேன்."

வாளின் எலி கடித்த நுனியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். காரின் பின் சீட்டில் வைத்தாயிற்று.

ஜூன் 25, புதன்

காலையில் மார்லின் மெசேஜ். விடியும் முன் டென்னிஸ் தூக்கத்தில் போய்விட்டார். மார்க் பக்கத்தில் இருந்திருக்கிறான். நினைவுக் கூட்டம் ஜூலையில் ஒரு சனிக்கிழமை, இடம் பிறகு.

ச.விடம் சொன்னேன். அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். பிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்தாள்.

ஆபீஸ் போனேன். வியாழனுக்குப் போட்ட லீவை ரத்து செய்தேன். மேனேஜர் கட்டைவிரல் படம் அனுப்பினார்.